ஒன்பதாம் பிரிவு

ஆண்டுக்கு ஆறாயிரத்து எண்ணூறு, வரி தனி.
மோட்டார், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர்,
நாலுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்து.
நாகப்பட்டினத்திலிருந்து பஸ் மாறி வந்த பையன்
பெயர் சகாயதாசன் என்றான்.
தலைஞாயிறு வெயிலிலும் டையைக் கழற்றாமல்
இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தான்.
இரண்டாவது சொம்பில்தான் முகம் சுளித்தான்.
உப்பு.

"இனி எது நின்னாலும் உங்களுக்குக் கவலை இல்ல மேடம்."

உண்மையைச் சொன்னால்
உதுமான் அண்ணன் துபாய் போகாதிருந்தால்
இந்தப் பையனை நான் உட்காரவே சொல்லியிருக்க மாட்டேன்.
பதினோரு வருடம்,
"மோட்டார் உறுமுது, தண்ணி ஏறல" என்றால்
சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து நிற்பார்.
வரும் பதினெட்டாம் தேதி அவருக்கு விமானம்.

ராத்திரி நோட்டை எடுத்தேன்.
போன வருடம் மோட்டார் காயில் கட்ட மூவாயிரத்து இருநூறு.
இடி விழுந்த மறுநாள் ஃப்ரிட்ஜ் போர்டு நாலாயிரத்து நூறு.
உப்பு அரித்த டிரம் இரண்டாயிரத்து எழுநூறு.
எலி கடித்த ஒயருக்கு முந்நூற்றைம்பது,
அதுவும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டது.
ஆகப் பத்தாயிரத்து முந்நூற்றைம்பது.
அவன் கேட்பது வரியோடு எட்டாயிரத்து இருபத்து நாலு.
லாபம்தான்.
பேனாவை மூடினேன்.

தூக்கம் வரவில்லை. எழுந்து ஒன்பதாம் பிரிவைப் படித்தேன்.

மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் வரும் பழுதுக்குப் பொருந்தாது.
இடி மின்னலுக்குப் பொருந்தாது.
நீரின் உவர்ப்பால் ஏற்படும் அரிப்புக்கும்,
எலி, எறும்பு, பல்லி புகுந்ததற்கும்.
வெள்ளம், புயல் தனி வரியில், தடித்த எழுத்தில்.
ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு வரி அடித்தேன்.
மிச்சம் நின்றது தேதி மட்டும்.
யாரோ ஒருவர் என் கொல்லைவரை நடந்து பார்த்துவிட்டுத்தான்
இதை எழுதியிருக்க வேண்டும்.

"இயல்பான சூழலில் இயல்பான பயன்பாடு" என்கிறது தாள்.
மும்முனைக் கரண்ட் வந்ததும் பம்புசெட்டெல்லாம்
ஒரே மூச்சில் எழுந்து
என் டியூப்லைட் கண்ணடிக்கும் ஊர் இது.
மேட்டூர் மூடினால் போர் தண்ணீரில் கடல் ஏறும் கடைமடை.
இயல்பு இங்கே எந்த மாதம் வரும்?

எனக்குக் கோபப்படவும் உரிமை இல்லை.
கூட்டுறவு சங்கத்தில் பயிர்க் காப்பீடு என் மேஜை.
போன தையில் அவரிக்காடு பக்கிரிசாமி
முளைத்த நெல்லை மஞ்சள் பையில் கொண்டுவந்து
என் முன்னால் கொட்டினார்.
"உங்க ஊர்க் கணக்குல விளைச்சல் குறையலன்னு வந்திருக்கு"
என்றேன், படிவத்தைப் பார்த்தபடி.
அவர் திட்டவில்லை.
சிதறியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப்
பையில் போட்டுக்கொண்டு போனார்.
அத்தனை நேரமும் நான்
சீலுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சகாயதாசன் போன் செய்தான்.
குரலில் மாதக் கடைசி தெரிந்தது.
"ஒன்பதாம் பிரிவு படிச்சேன் தம்பி."
கொஞ்ச நேரம் பஸ் இரைச்சல் மட்டும்.
"நான் அதுவரைக்கும் படிச்சதில்ல மேடம்."
திங்கட்கிழமை மறுபடி கேட்கிறேன் என்றான்.
சரி என்றேன், ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

உதுமான் அண்ணன் நேற்று வந்து
காலண்டர் அட்டையில் ஒரு நம்பர் எழுதிவிட்டுப் போனார்.
"கைவேலை சுத்தம். போன்தான் எடுக்க மாட்டான்."

எட்டாயிரம் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.
திங்கட்கிழமைக்கு இரண்டு நாள்.
தென்கிழக்கில் இருட்டிக்கொண்டு வருகிறது.
ஃப்ரிட்ஜ், மெஷின், இன்வெர்ட்டர் என்று
ப்ளக்குகளைப் பிடுங்கிவிட்டேன்.
வீடு இவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது
இப்போதுதான் தெரிகிறது.
மோட்டார் சுவிட்ச் மட்டும் பாக்கி, கொல்லையில்.
முதல் தூறலுக்குள்
ரப்பர் செருப்பைத் தேடுகிறேன்.
ஒன்று கிடைத்துவிட்டது.